அண்ணனின் எக்கோவில் நான் எழுதாமல் விட்ட பட்டை

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 19 ஆண்டுகளாக எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் ஸ்கேன், எடுக்கும் பணியில் இருக்கிறேன். வந்தவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் ஜெல் தடவிக் கருவியை வைத்ததும் கிடைக்கும் முதல் காட்சியிலேயே, இதயத்தின் வலது கீழறைச் சுவருக்கு முன்னால் மங்கலான ஒரு பட்டை தெரியும். சிலருக்கு அது நூல் போல இருக்கும். சிலருக்குச் சுண்டுவிரல் தடிமனுக்கு இருக்கும். அது இதயத்தின் மேல் படிந்திருக்கும் கொழுப்பு. இந்த வேலையைக் கற்றுக்கொண்ட காலத்தில் அந்தப் பட்டையைப் பற்றி எனக்குச் சொல்லித்தரப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: அதை நீர் என்று எண்ணிவிடக் கூடாது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தால், படுத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் முதலில் பின்புறத்தில் தேங்கும். திரையில் முழுக் கறுப்பாகத் தெரியும். முன்புறத்தில் மட்டும் சாம்பல் நிறப் புள்ளிகளோடு தெரிந்து, இதயத்தோடு சேர்ந்து அசைந்தால் அது கொழுப்பு. கொழுப்பு என்று உறுதியானதும் அதிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு, வால்வுகளையும் சுவர்களின் அசைவையும் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் விகிதத்தையும் அளக்கப் போய்விட வேண்டும். நான் நிரப்பும் ரிப்போர்ட் படிவத்தில் அந்தப் பட்டைக்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அப்படித்தான் என் அண்ணனுடைய எக்கோவையும் எடுத்தேன்.

அவருக்கு அப்போது 53 வயது. சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 62 கிலோ. உயரத்துக்கு எடை சரியாக இருக்கிறது என்று எந்த அட்டவணையைப் பார்த்தாலும் சொல்லிவிடலாம். கை கால் மெலிந்தவர். சட்டையை உள்ளே விட்டுக் கட்டினால் மட்டும் ஒரு சிறு தொப்பை தெரியும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னதால் வரச்சொல்லி நானே எடுத்துப் பார்த்தேன். இரத்தத்தை வெளியேற்றும் விகிதம் 60 சதவீதம். சுவர்கள் எல்லாம் சீராக அசைந்தன. வால்வுகளில் குறையில்லை. முன்புறத்தில் அந்தப் பட்டை வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. ‘ஹார்ட் நல்லாயிருக்குண்ணே, பயப்படாத’ என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் மதினி தொலைபேசியில் அழைத்தார். அண்ணனுக்கு இரவெல்லாம் மேல்வயிற்றில் ஒரு பிசைவு, உடம்பெல்லாம் வியர்வை. நெஞ்சுவலி இல்லவே இல்லை. ‘வாயுதான், ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போயிரும்’ என்று அவர் படுத்துவிட்டாராம். இசிஜி எடுத்தபோது மாரடைப்பு என்று தெரிந்தது. ஆஞ்சியோவில் மூன்று பெரிய இதயத் தமனிகளிலும் அடைப்பு. அதுவும் ஓர் இடத்தில் முடிச்சுப் போட்டதுபோல் இல்லாமல், நெடுக அரிக்கப்பட்டதுபோல நீண்ட சுருக்கம். நீரிழிவு உள்ளவர்களின் தமனிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஸ்டென்ட் வைப்பதைவிட பைபாஸ் நல்லது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 2012 இல் வெளியான ‘ஃபிரீடம்’ என்னும் ஆய்வு, நீரிழிவோடு பல தமனிகளில் அடைப்பும் இருந்த 1900 பேரை எடுத்துக்கொண்டு, ஸ்டென்டைவிட பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு மரணமும் மாரடைப்பும் குறைவு என்று காட்டியிருந்தது. அதன் அடிப்படையில்தான் அந்த முடிவு.

அறுவை முடிந்து வந்த மருத்துவர், நான் அந்தத் துறையில் இருப்பவள் என்று தெரிந்ததால், சற்று விவரமாகவே பேசினார். இதய உறையைத் திறந்தபோது முன்பக்கம் முழுவதும் மஞ்சள் கொழுப்பு மூடியிருந்ததாகவும், முன்தமனியைக் கொழுப்புக்குள் தேடிப் பிரித்தெடுக்க நேரமானதாகவும், இவ்வளவு ஒல்லியானவருக்கு இப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னார். அன்று இரவு பணிக்குத் திரும்பியதும், சேமித்து வைத்திருந்த அண்ணனுடைய பழைய படத்தை எடுத்து அந்தப் பட்டையை அளந்தேன். 9 மில்லிமீட்டர்.

அதை அன்று அளந்து எழுதியிருந்தால் அண்ணனுக்கு மாரடைப்பு வந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. படுத்திருக்கும்போது எடுக்கும் எக்கோவில் இதயத் தமனியின் அடைப்பு தெரியாது. தமனி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தாலும், ஓய்வில் இதயச் சுவர் சீராகவே அசையும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், கண்ணில் பட்ட ஒன்றைப் பொருட்படுத்தாமல் ‘நல்லாயிருக்கு’ என்று சொன்னதுதான் என் பிழை. அதற்குப் பிறகு இந்தக் கொழுப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். புரியாதவற்றை எங்கள் மருத்துவரிடம் கேட்டேன். நீரிழிவு உள்ள ஒருவர் வீட்டில் இருக்கும் எவருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், கொழுப்பு என்பது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இதயத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அந்த உறைக்கு வெளியே, நெஞ்சுக்கூட்டுப் பக்கமாக இருக்கும் கொழுப்பு வேறு. உறைக்கு உள்ளே, இதயத் தசையின் மேலேயே ஒட்டிக்கிடக்கும் கொழுப்பு வேறு. நான் சொல்வது உள்ளே இருப்பதை. வெளிக்கொழுப்புக்கு நெஞ்சுச் சுவரிலிருந்து வரும் இரத்தக்குழாய்கள் இரத்தம் தருகின்றன. உட்கொழுப்போ இதயத் தசைக்கு இரத்தம் தரும் அதே கரோனரி தமனிகளின் கிளைகளிலிருந்தே இரத்தம் பெறுகிறது. அதற்கும் இதயத் தசைக்கும் நடுவே எந்தச் சவ்வும் கிடையாது. தொடைக்கறியை நறுக்கியவர்களுக்குத் தெரியும், தசைக்கும் கொழுப்புக்கும் நடுவே பளபளப்பான ஒரு மெல்லிய தோல் இருக்கும். இதயத்தில் அந்தத் தோல் இல்லை. கரோனரி தமனிகள் அந்தக் கொழுப்புக்குள்தான் புதைந்து ஓடுகின்றன. கருவில் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு எந்தப் படலத்திலிருந்து தோன்றுகிறதோ, அதே படலத்திலிருந்துதான் இதுவும் தோன்றுகிறது. தொப்பைக்குள் இருக்கும் கொழுப்பின் உடன்பிறப்பு என்று இதைச் சொல்லலாம். வளர்ந்தவர்களின் இதயத்தில் இது மேற்பரப்பின் ஏறத்தாழ 80 சதவீதத்தை மூடியிருப்பதாகவும், இதயத்தின் எடையில் ஏறத்தாழ 20 சதவீதம் இதுவே என்றும் நூல்கள் சொல்கின்றன.

இது வேண்டாத பொருள் என்றும் எண்ணிவிடக் கூடாது. இதயம் ஓயாமல் உழைக்கிறது. அதற்கு வேண்டிய எரிபொருளில் பெரும்பங்கு கொழுப்பு அமிலங்களே. பக்கத்திலேயே ஒரு களஞ்சியம் இருப்பது வசதி. அளவுக்கு மிஞ்சிய கொழுப்பு அமிலங்கள் வந்தால் அவற்றை உறிஞ்சிவைத்து இதயத் தசையைக் காப்பதும், துடிப்பின்போது தமனிகள் முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவதும், குளிரில் வெப்பம் தருவதும் இதன் வேலைகள். ஒல்லியான, நோயற்ற உடம்பில் இது அடிப்போனெக்டின் என்னும் பொருளைச் சுரந்து தமனியின் உட்சுவரைப் பாதுகாக்கிறது. நல்ல பண்டத்தைக் காக்கும் களஞ்சியம், தன் கொள்ளளவுக்கு மீறி நிரப்பப்படும்போது புழுத்துப்போவதுபோலத்தான் இதுவும் கெடுகிறது.

அந்தக் கெடுதலை முதலில் தெளிவாகக் காட்டியவற்றுள் ஒன்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு. பைபாஸ் செய்துகொள்ள வந்த 42 பேரிடம், இதயத்தின் மேலிருந்த கொழுப்பில் சிறிதும் காலில் தோலுக்கடியில் இருந்த கொழுப்பில் சிறிதும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அழற்சியை, அதாவது திசு புண்பட்டதுபோல் வீங்கிக் கனலும் நிலையை, தூண்டும் இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா முதலிய பொருள்கள் காலின் கொழுப்பைவிட இதயக் கொழுப்பில் பலமடங்கு மிகுந்திருந்தன. ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே இரத்தம். ஆனால் கொழுப்பு இருக்கும் இடத்தைப் பொறுத்து அதன் குணம் மாறியிருந்தது. இதில் என்னைச் சிந்திக்கவைத்தது வேறொன்று: அந்த அழற்சி, நோயாளியின் பருமனையோ, அவர் உட்கொண்ட மாத்திரைகளையோ பொறுத்து மாறவில்லை. இரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சோதனைகளும் அதை அப்படியே எதிரொலிக்கவில்லை. கையில் ஊசி குத்தி எடுக்கும் இரத்தம், இதயத்தின் மேல் நடப்பதை முழுதும் சொல்லிவிடாது என்பதே அதன் பொருள்.

தமனிக்குள் அடைப்பு எப்படி வருகிறது என்று நாம் பொதுவாகச் சொல்லும் கதை உள்ளிருந்து தொடங்கும். இரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூடுகிறது, அது தமனியின் உட்சுவரில் நுழைகிறது, அங்கே படிகிறது. இது உண்மை, இதை யாரும் மறுக்கவில்லை. இதயத்தின் மேலுள்ள கொழுப்பு அந்தக் கதைக்கு வெளியிலிருந்தும் ஒரு வழி உண்டு என்று காட்டுகிறது. கொழுப்பு சுரக்கும் அழற்சிப் பொருள்கள் தமனியின் வெளிச்சுவர் வழியாக ஊறி உள்ளே செல்லலாம். தமனிச் சுவருக்கே இரத்தம் தரும் நுண்குழாய்கள் வழியாகவும் போகலாம். இதற்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருக்கிறது. சிலருக்கு முன்தமனி ஓர் இடத்தில் கொழுப்பை விட்டு இறங்கி, இதயத் தசைக்குள் சுரங்கம்போலச் சிறிது தூரம் ஓடி மறுபடியும் வெளியே வரும். தசைக்குள் ஓடும் அந்தப் பகுதியில் அடைப்பு மிக அரிதாகவே வருகிறது. அதற்குச் சற்று முன்னால் கொழுப்புக்குள் ஓடும் பகுதியில் வருகிறது. ஒரே தமனி, ஒரே இரத்தம். தசை அழுத்துவதால் இரத்த ஓட்டத்தில் ஏற்படும் மாற்றமும் இதற்கு ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். ஆகவே பழி முழுவதையும் கொழுப்பின் மேல் போட்டுவிட முடியாது. ஆனாலும் இந்தச் செய்தியை முதலில் படித்த அன்று நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

நீரிழிவு இதில் எங்கே சேர்கிறது? இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கீழ்ப்படியாதபோது, கொழுப்பணுக்கள் தம்மிடம் உள்ள கொழுப்பை அடக்கிவைக்க முடியாமல் இரத்தத்தில் கசியவிடுகின்றன. தோலுக்கடியில் இடம் போதாத கொழுப்பு, கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் இதயத்தின் மேலும் போய்த் தங்குகிறது. அங்கே அணுக்கள் பருத்து, அவற்றுக்கு வேண்டிய பிராணவாயு எட்டாமல் போகிறது, அழற்சி அணுக்கள் வந்து குடியேறுகின்றன, அடிப்போனெக்டின் குறைகிறது. அழற்சி மிகுந்தால் இன்சுலினுக்குக் கீழ்ப்படியாமை மேலும் கூடுகிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையோ ஏற்கெனவே தமனியின் உட்சுவரைப் புண்ணாக்கி வைத்திருக்கிறது. உள்ளிருந்து சர்க்கரையும் வெளியிலிருந்து கொழுப்புமாகத் தமனி இரண்டு பக்கமும் இடிபடுகிறது. வகை 2 நீரிழிவு உள்ளவர்களுக்கு, அது இல்லாதவர்களைவிட இதயத்தின் மேல் கொழுப்பு மிகுதியாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீரிழிவு இருந்தும் இதய நோயின் அறிகுறி எதுவும் இல்லாதவர்களை சிடி ஸ்கேன் எடுத்து, சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012 இல் வந்தது. தொடக்கத்தில் யாருக்கு இதயக் கொழுப்பு மிகுந்திருந்ததோ, அவர்களுடைய தமனிகளில் சுண்ணாம்புப் படிவு வேகமாக வளர்ந்திருந்தது. டென்மார்க்கில் வகை 2 நீரிழிவு உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில், இதயக் கொழுப்பு மிகுந்த ஆண்களுக்கு இதய நோயும் மரணமும் கூடுதலாக இருந்தன. பெண்களிடம் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. பெண்ணாகிய நான் இதில் ஆறுதல் தேடவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்தக் கொழுப்பு கூடுகிறது என்பதும் ஆய்வுகளில் இருக்கிறது.

நம் ஊருக்கு வருகிறேன். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இந்தியாப்’ (INDIAB) என்னும் ஆய்வு 2023 இல் அறிவித்தது. வயது வந்தோரில் 11.4 சதவீதம். சென்னையில் இரண்டு குடியிருப்புப் பகுதிகளில் 1262 பேரைப் பரிசோதித்து 2001 இல் வெளியான ‘கப்ஸ்’ ஆய்வில், இதயத் தமனி நோய் மொத்தத்தில் 11 சதவீதத்தினருக்கு இருந்தது. சர்க்கரை சரியாக இருந்தவர்களில் 9.1 சதவீதம், நீரிழிவு உள்ளவர்களில் 21.4 சதவீதம். அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல். இந்தக் கணக்கு எடுக்கப்பட்டு கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நம் தெருக்களில் நடப்பவர்கள் குறைந்து வண்டியில் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பதை எந்த ஆய்வும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம்மவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு; அண்ணனுடைய கதையே அதுதான். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு படம் 2004 இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. இருவரும் ஒல்லியானவர்களே. அளந்து பார்த்தால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். எடை இயந்திரத்துக்கு இருவரும் ஒன்றாகத் தெரிந்தார்கள். என் அண்ணனுடைய குறியீடு 22. ‘நான் ஒல்லிதானே, எனக்கு என்ன வரப்போகுது’ என்று அவர் பன்னிரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்; வீட்டில் நாங்களும் அதையே நம்பினோம். அவருடைய இடுப்பை யாரும் அளக்கவில்லை. அளந்திருந்தால் 92 சென்டிமீட்டர் என்று தெரிந்திருக்கும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போனாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல்.

அவருக்கு நெஞ்சுவலி வராமல் போனதும் தற்செயல் அல்ல. நெடுநாள் நீரிழிவு, காலில் உணர்ச்சியை மங்கச் செய்வதுபோலவே இதயத்தின் வலியைச் சுமந்து செல்லும் நரம்புகளையும் கெடுக்கும். மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி, வியர்வை, மேல்வயிற்றுப் பிசைவு என்று நோய் வேறு வேடம் போட்டுக்கொண்டு வரும். நம் வீடுகளில் ‘வாயு’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை மாரடைப்புகள் மறைந்து போயிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. நீரிழிவு உள்ளவர் இரவில் வியர்த்து எழுந்து வயிறு பிசைகிறது என்று சொன்னால், சோடாவுக்கு முன் இசிஜி எடுக்க வேண்டும்.

இதயக் கொழுப்பை அளப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது என் வேலை என்பதால் சற்று நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். எக்கோவில் அளக்கும் முறையை வகுத்தவர் ஜான்லூகா யாகோபெல்லிஸ் என்னும் மருத்துவர்; ஆண்டு 2003. நான் முதலில் சொன்ன அதே காட்சியில், இதயம் சுருங்கி முடியும் கணத்தில் படத்தை நிறுத்தி, வலது கீழறைச் சுவரின் மேல், பெருந்தமனி வளையத்துக்கு நேரே, பட்டையின் தடிமனைச் செங்குத்தாக அளந்து, மூன்று துடிப்புகளின் சராசரியை எடுக்க வேண்டும். தனிச் செலவு கிடையாது. இரண்டு நிமிடம் ஆகும். குறையும் உண்டு. கொழுப்பு இதயத்தைச் சுற்றி மேடும் பள்ளமுமாகப் படிந்திருக்க, நாம் ஓர் இடத்தில் மட்டும் கோல் வைத்துப் பார்க்கிறோம். அளப்பவர் கை சாய்ந்தால் ஒரு மில்லிமீட்டர் கூடும், குறையும். எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் ஆபத்து என்று எல்லா நாட்டாரும் ஒப்புக்கொண்ட ஓர் எல்லைக்கோடும் இல்லை. சிடி ஸ்கேனில் மொத்தக் கன அளவையும் கணக்கிடலாம். சுண்ணாம்புப் படிவை அளக்க எடுக்கும் அதே சாதாரண சிடியிலேயே இதுவும் கிடைத்துவிடுகிறது, எடுத்துச் சொல்பவர்தான் வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவர் சாராலம்போஸ் ஆன்டோனியாடிஸ் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது கொழுப்பின் அளவை அல்ல, தமனியை ஒட்டியிருக்கும் கொழுப்பின் தன்மையை. தமனியில் அழற்சி இருந்தால் அது தன் பக்கத்துக் கொழுப்பணுக்களை முதிரவிடாது. அங்கே எண்ணெய் குறைந்து நீர் கூடும். சிடி படத்தில் அந்தக் கொழுப்பின் அடர்த்தி மாறித் தெரியும். அதை எண்ணாக்கி, தமனியின் அழற்சியை வெளியிலிருந்தே படிக்க முடியும் என்று 2017 இல் காட்டினார்கள். 2018 இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அவர்களுடைய ஆய்வில், அந்த எண் மோசமாக இருந்தவர்களுக்கு இதய மரணம் கூடுதலாக இருந்தது. 2024 இல் பிரிட்டனில் 40,091 பேரை வைத்து வந்த ஆய்வு இன்னும் கவலை தருவது: சிடி ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு இல்லை என்று அனுப்பப்பட்டவர்களிடம்தான் பின்னாளில் வந்த இதய பாதிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேர்ந்திருக்கிறது. எண்ணிக்கையில் அவர்களே மிகுதி என்பது அதற்கு ஒரு காரணம். ஆனாலும் ‘அடைப்பு இல்லை’ என்ற சொல்லோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிட முடியாது என்பது அதிலிருந்து தெரிகிறது. கொழுப்பு தமனியைக் கெடுப்பது மட்டுமல்லாமல், கெட்ட தமனி கொழுப்பையும் மாற்றுகிறது; இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

குறைக்க முடியுமா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். முடியும். கோபன்ஹேகனில் வயிற்றுப் பருமன் உள்ள, உடலுழைப்பு இல்லாத 50 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 12 வாரம் பயிற்சி கொடுத்து, 2019 இல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சு வாங்க வேகமாகச் செய்யும் பயிற்சி பெற்றவர்களுக்கு இதயக் கொழுப்பு 32 சதவீதமும், எடை தூக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கு 24 சதவீதமும் குறைந்தன. உறைக்கு வெளியே உள்ள கொழுப்பு எடை தூக்கியவர்களுக்கு மட்டுமே குறைந்தது. அவர்களுக்கு நீரிழிவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களிடம் மருந்துகளை வைத்துச் செய்த ஆய்வுகள் உண்டு. மெட்ஃபார்மினோடு லிராகுளுடைட் ஊசியும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஆறு மாதத்தில் பட்டை 9.6 மில்லிமீட்டரிலிருந்து 6.2 ஆகக் குறைந்ததாக 2017 இல் எழுதினார்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்குக் குறையவில்லை. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளும் குறைக்கின்றன.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளில் சில, இதய மரணத்தைக் குறைக்கின்றன என்பது பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது: லிராகுளுடைட் 2016 இல், டாபாகிளிஃப்ளோசின் வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசின் 2015 இல். ஆனால் அந்தப் பயன் இதயக் கொழுப்பு கரைந்ததால் கிடைத்ததா, எடை, இரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று வேறு வழிகளில் கிடைத்ததா என்று பிரித்துக் காட்டிய ஆய்வு இதுவரை இல்லை. ஆகவே பட்டையைக் குறைப்பதையே இலக்காக வைத்து மருந்து கேட்டு மருத்துவரிடம் போகாதீர்கள். எந்த மருந்து யாருக்குப் பொருந்தும் என்பதைச் சிறுநீரகத்தின் நிலையும் வயதும் பிற நோய்களும் முடிவு செய்யும். ஸ்டேடின் மாத்திரையை ‘கொலஸ்ட்ரால் சரியாகிவிட்டது’ என்று தாமாக நிறுத்திவிடுபவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். என் அண்ணனும் அப்படி நிறுத்தியவர்தான். இதயக் கொழுப்பைப் பற்றி எவ்வளவு படித்தாலும், புகையை விடுவது, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கெட்ட கொழுப்பையும் கட்டுக்குள் வைப்பது என்ற பழைய வேலைகளில் ஒன்றுகூடக் குறைவதில்லை. பட்டை தடிப்பாக இருப்பவர் அவற்றை இன்னும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும், அவ்வளவே.

இப்போது நான் என் வேலையில் மூன்று மாற்றங்கள் செய்திருக்கிறேன். நீரிழிவு உள்ளவர் வந்தால் பட்டையை அளந்து, குறிப்பு எழுதும் இடத்தில் எண்ணைப் போட்டு மருத்துவரிடம் காட்டுகிறேன்; தேவை என்று பட்டால் அவர் டிரெட்மில் சோதனைக்கோ சிடிக்கோ எழுதுகிறார், தேவையில்லை என்றால் விட்டுவிடுகிறார். படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு அதையும் சொல்கிறேன். மூன்றாவதாக, ‘நல்லாயிருக்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். ‘பம்பு நன்றாக வேலை செய்கிறது, குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பது இந்த ஸ்கேனில் தெரியாது, டாக்டரிடம் கேளுங்கள்’ என்று சொல்கிறேன். சிலர் முகம் வாடுகிறது. வாடினாலும் பரவாயில்லை.

எனக்கும் மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. உடன் வேலை செய்யும் பெண்ணிடம் எடுத்துப் பார்க்கச் சொன்னதில் என் பட்டை 6.5 மில்லிமீட்டர் என்று வந்தது. ஓர் ஆண்டு நடந்த பிறகு 6 என்று வந்திருக்கிறது. அரை மில்லிமீட்டர் வேறுபாடு கை சாய்ந்ததால்கூட வரலாம் என்பது தெரிந்ததால், அதை வெற்றி என்று நான் எண்ணவில்லை. அண்ணனுடைய பட்டையை இனி ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது. அறுவையில் உறை திறக்கப்பட்டுவிட்டது, கொழுப்பில் ஒரு பகுதி விலக்கப்பட்டது, தழும்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, முன்புறத்தில் திரையில் தெரிவது எது என்று எனக்கே உறுதியாகச் சொல்ல வராது. அவர் காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் முக்கால் மணிநேரம் நடக்கிறார், ஸ்டேடினை நிறுத்துவதில்லை, இரவுச் சோற்றைப் பாதியாக்கிச் சுண்டலும் காயும் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை மதினி தன் தையல் டேப்பை எடுத்து, தொப்புளுக்கு நேரே சுற்றி, நாட்காட்டித் தாளின் ஓரத்தில் எண்ணை எழுதிவைக்கிறார். போன மாதம் 86.